சாவியைத் திருப்பும் முன்... பானெட்டில் இரண்டு தட்டு!

சங்கரன்கோவிலின் பழைய தெருக்களில் கார் ஷெட் வைத்த வீடுகள் குறைவு. வாசலை ஒட்டி நிறுத்திவிட்டுப் போய்ப் படுக்க வேண்டியதுதான். விடிந்து பார்த்தால் பானெட் முழுக்க மண் அப்பிய கால் தடம், கண்ணாடிப் பக்கம் நகக் கீறல், டயரில் மூத்திர வாடை. "இந்தப் பூனைகளை என்னதான் செய்ய?" என்பது பல கார்க்காரர்களின் காலை நேரப் புலம்பல்.

பூனைகளை விரட்டும் முன், அவை ஏன் வருகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது.

எதற்காக வருகிறது?

ஓடி வந்த எஞ்சினில் சூடு வெகுநேரம் தங்கும். ஐப்பசி மழைக்கும் மார்கழிப் பனிக்கும் பூனைக்கு அதைவிடக் கதகதப்பான இடம் கிடையாது. வெயில் காலத்தில் காருக்கு அடியில் நிழல். எஞ்சின் அறைக்குள் எலி நுழைந்தால், அதைத் தேடியும் வரும். குட்டி போட்ட தாய்ப்பூனைக்கோ, நாய் தொட முடியாத பத்திரமான பொந்து அது.

ஆபத்தும் அங்கேதான். உள்ளே பூனை தூங்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்தால், சுழலும் பெல்ட்டிலோ ஃபேனிலோ அது சிக்கிவிடும். பூனையின் உயிர் போவதோடு, வண்டிக்கும் செலவு வைக்கும்.

ஜப்பானில் நிசான் கார் நிறுவனம், வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் தட்டச் சொல்லி 2015-ல் ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது. மழைக்காலத்தில் வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு எடுங்கள் என்று ரத்தன் டாடாவும் 2023 ஜூலையில் சமூக வலைதளத்தில் கேட்டுக்கொண்டார்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

* பாச்சா உருண்டை: இதிலுள்ள நாப்தலின் பூனைக்கு நஞ்சு. குழந்தைகள் எடுத்து வாயில் போட்டாலும் ஆபத்து.

* பினாயில்: பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கிவிடும். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு.

* விஷம் கலந்த சோறு: விலங்கை விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவின்படி குற்றம். 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

கூலன்ட் ஒழுகினாலும் உடனே சரிசெய்யுங்கள். இனிப்புச் சுவையுள்ள அது, கொஞ்சம் நக்கினாலே பூனையைக் கொன்றுவிடும். நீலத் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுவதால் பலன் இல்லை. இரண்டு நாளில் பூனைக்குப் பழகிவிடும்.

இப்படிச் செய்யலாம்!

* மீன் கழிவு, மிச்சச் சோறு எதையும் கார் அருகே கொட்டாதீர்கள். பூனைக்குச் சோறு வைப்பவர்கள், காரிலிருந்து தள்ளி ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வையுங்கள்.

* அந்த இடத்திலேயே ஓர் அட்டைப்பெட்டியில் பழைய சாக்கை விரித்து வைத்தால், பூனை அங்கே படுத்துக்கொள்ளும்.

* வண்டிச் சூடு ஆறியதும், தரைவரை இறங்கும் கவரைப் போட்டு, அடியில் வாரை இழுத்துக் கட்டுங்கள்.

* எலுமிச்சை, ஆரஞ்சு வாடை பல பூனைகளுக்கு ஆகாது. தோலை டயர் ஓரம் போடலாம். காய்ந்துவிட்டால் பலன் போய்விடும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும்.

* கால் தடத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் மண் உரசிக் கோடு விழும். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள்.

* தெருக்காரர்கள் சேர்ந்து பூனைகளுக்குக் கருத்தடை செய்தால், குட்டிகள் பெருகுவது குறையும்.

உள்ளே குட்டி இருந்தால்?

ஸ்டார்ட் செய்யாதீர்கள். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். ஆள் நடமாட்டம் அடங்கியதும், தாய்ப்பூனை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு இடம் போய்விடும். சிக்கிக்கொண்ட குட்டியை இழுக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள். முடியாவிட்டால் தீயணைப்புத் துறையின் 101.

சிவனா, திருமாலா என்று வழக்காடிய சங்கன், பதுமன் என்ற நாகர்களுக்கு, இருவரும் ஒன்றே எனச் சரிபாதியாகச் சங்கரநாராயணர் காட்சி தந்த ஊர் இது. தெருவில் பூனைக்கும் ஒரு மூலை இருந்துவிட்டுப் போகட்டும். எத்தனை தடுப்பு வைத்தாலும் என்றாவது ஒருநாள் ஒன்று உள்ளே நுழைந்திருக்கும். அதனால், நாளைக் காலை சாவியோடு வாசலுக்கு வந்ததும் குனிந்து ஒரு பார்வை, பானெட்டில் இரண்டு தட்டு. அப்புறம் வண்டியை எடுங்கள்!