சேமிப்பும் யாத்திரையும்

1936-ஆம் வருஷம் ஜூலை மாதம் 30-ஆம் தேதியன்று, வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், மனிதரை மனிதராக நடத்த வேண்டும் என்று கேட்டுப் போராடிய புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சு ஆட்சியின் படை துப்பாக்கிப் பிரயோகம் செய்ததில் பன்னிரண்டு பேர் உயிர் நீத்தார்கள். அந்தப் பலிக்குப் பிறகே, வ. சுப்பையா முதலிய தலைவர்கள் பாரிஸ் வரையில் கொண்டு சென்ற முயற்சியின் பயனாக, நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்னும் நியதி இந்தச் சிறு நகரத்தில் சட்டமாக வந்து சேர்ந்தது. அதே வருஷத்தில், இந்த நிகழ்ச்சிக்குச் சரியாக நாற்பது நாள் முன்னதாக, ஜூன் 20-ஆம் தேதி பிரான்ஸ் தேசத்துத் தொழிலாளர் அனைவருக்கும் வருஷத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டம் நிறைவேறியிருந்தது. ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் பொறுப்பேற்றிருந்த லியோ லக்ராஞ்ச் என்பவர், அந்த விடுமுறையில் ரயிலேறுவோருக்கு 40 சதவீதம் கட்டணச் சலுகை கிடைக்கும்படி ஏற்பாடு செய்ய, அந்தக் கோடையிலேயே பல லட்சம் பேர், ஆயுளில் கடலையே கண்டிராத பலர் உட்பட, கடற்கரைகளை நோக்கிப் புறப்பட்டார்கள்.

இந்தச் சரித்திரத்தை நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் குடும்பங்களில், 'லீவுக்கு எங்கேயாவது போகலாமா?' என்ற பேச்சு எழும்போதெல்லாம், ஏதோ தகாத ஆசையைச் சொல்லிவிட்டதுபோல ஒரு குற்றவுணர்ச்சி கூடவே எழுவதைப் பார்க்கிறோம். பிள்ளைகளின் படிப்பு, பெண்ணின் கல்யாணம், வீட்டுக் கடன் என்று அவசியங்கள் வரிசையாக நிற்கையில், பிரயாணத்துக்குச் செலவிடும் பணம் சேமிப்பிலிருந்து களவாடப்பட்டது என்றே நம்மில் அநேகர் கருதுகிறோம். ஆனால் உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்பது எவரோ பெரிய மனது வைத்துக் கொடுத்த சலுகையல்ல. இந்த ஊர் வீதிகளில் இரத்தம் சிந்திப் பெற்ற உரிமையின் ஒரு பகுதி அது. அதை அனுபவியாமலே முதுமையை அடைகிறவர், சிக்கனத்தில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், தமக்கு நியாயமாக வரவேண்டிய ஒன்றை இழந்தவரே ஆவார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் கற்பித்தவை இதே பஞ்சாலைகள்தாம். 1898-இல் தோன்றி ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட ஏ.எஃப்.டி. ஆலை, 2011 டிசம்பரில் வீசிய தானே புயலில் பெருஞ் சேதமடைந்து, பின்பு பல வருஷம் தள்ளாடி, 2020 ஏப்ரல் மாதத்தோடு மூடப்பட்டது. சுதேசி ஆலையும் பாரதி ஆலையும் அவ்வாறே ஓய்ந்தன. தலைமுறை தலைமுறையாக 'மில் சம்பளம்' என்பதை மாறாத ஆதாரமாக நம்பியிருந்த முதலியார்பேட்டைக் குடும்பங்கள் அந்த நாட்களில் அறிந்துகொண்டது என்ன? வருமானம் என்பது என்றும் வந்துகொண்டேயிருக்கும் என்ற எண்ணத்தில் வகுத்த எந்தச் செலவுத் திட்டமும் நிலைக்காது என்பதே. ஆகையால் பிரயாணத்துக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு விடை தேடுமுன், வேலை போனாலும் நோய் வந்தாலும் ஆறு மாத காலம் குடும்பம் நடத்தப் போதுமான பணம் தனியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது முதற் கடமை. அது இல்லாதவர் தூரப் பிரயாணத்தைச் சில வருஷம் ஒத்திவைத்தே ஆக வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த ஆதாரம் அமைந்த பிறகு, விடுமுறைச் செலவை எப்படி நிர்ணயிப்பது? பெரும்பாலான வீடுகளில் முதலில் ஊர் தீர்மானமாகிறது, பிறகு ஹோட்டல், அதன்பின் பணம் தேடப்படுகிறது. உறவினர் காஷ்மீரம் போய்வந்த படங்கள் கைப்பேசியில் வந்து விழுந்ததும், 'நாமும் போனால் என்ன?' என்ற ஆவல் எழுந்து, கிரெடிட் கார்டிலோ தவணைக் கடனிலோ டிக்கெட் வாங்கப்பட்டுவிடுகிறது. கார்டுக் கடனைக் குறித்த தேதியில் முழுமையாகத் தீர்க்காவிட்டால் அதற்கு ஏறும் வட்டி மாதம் 3 சதவீதத்துக்கு மேல், அதாவது வருஷத்துக்கு ஏறக்குறைய 40 சதவீதம். ஐந்து நாள் கண்ட பனிமலைக்கு ஒன்றரை வருஷம் வட்டி கட்டுகிறவருக்கு, அந்த மலையின் நினைவே ஒரு பாரமாகிவிடுகிறது. நகையை அடகு வைத்துப் போகிறவர்களின் நிலையும் இதுவே.

வரிசையைத் தலைகீழாக்கினால் போதும். முதலில் தொகை, பிறகு காலம், கடைசியில் ஊர். என் அபிப்பிராயத்தில், சேமிப்புக்கென்று வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கையேனும் முறையாக ஒதுக்கிவிடும் குடும்பம், வருஷ வருமானத்தில் இருபதில் ஒரு பங்கை மனக்கிலேசமின்றிப் பிரயாணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மாதம் 45,000 ரூபாய் வருகிற ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், வருஷத்துக்கு 5,40,000. அதில் இருபதில் ஒரு பங்கு 27,000. மாதத்துக்கு 2,250 ரூபாய். நான்கு பேர் விழுப்புரம் சென்று அங்கிருந்து ரயிலேறி, மதுரையும் ராமேசுவரமும் பார்த்து, சாதாரண விடுதிகளில் தங்கி, அளவோடு சாப்பிட்டுத் திரும்ப இந்தத் தொகை இடங்கொடுக்கும். காஷ்மீரமே வேண்டுமென்றால், இரண்டு மூன்று வருஷங்களின் பங்கைச் சேர்த்து வைத்துக்கொண்டு போக வேண்டும். இடையிலுள்ள வருஷங்களில் செஞ்சிக் கோட்டையோ திருவக்கரைக் கல்மரப் பூங்காவோ போதும். வீட்டுக் கடன் அழுத்துகிறவர் இருபதில் ஒரு பங்கை நாற்பதில் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். அளவு எதுவானாலும் அது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதாகவும், வேறு செலவுகளோடு கலவாததாகவும் இருப்பதுதான் முக்கியம்.

கலவாமல் வைப்பதற்குப் பழைய வழிகளே இன்னும் சிறந்தவை. தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு என்று மாதாமாதம் கட்டும் பழக்கம் நம் பெண்களுக்குப் புதிதன்று. அதே பழக்கத்தைப் பிரயாணத்துக்கும் கொண்டுவந்து, வங்கியில் ஒரு வருஷத் தொடர் வைப்பாக, ஜனங்கள் ஆர்.டி. என்று சொல்லும் கணக்காக, மாதம் 2,250 ரூபாய் கட்டி வரலாம். தபாலாபீஸ் ஆர்.டி. ஐந்து வருஷத்துக்கு உரியது. அதற்கு இப்போது தரப்படும் 6.7 சதவீத வட்டியில், மாதம் 1,000 ரூபாய் கட்டுகிறவர் மொத்தம் செலுத்தும் 60,000 ரூபாய் முடிவில் சுமார் 71,000 ரூபாயாகத் திரும்பும். தாய் தந்தையரை ஒருமுறை காசிக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது போன்ற பெரிய சங்கற்பங்களுக்கு இது ஏற்றது. ஆனால் மூன்று வருஷம் ஆவதற்கு முன் அதை முடிக்க முடியாது. பிறகு இடையில் முடித்தாலும் சேமிப்புக் கணக்கின் குறைந்த வட்டியே கிடைக்கும். ஆகவே வருஷாந்தரப் பயணத்துக்கு அது பொருந்தாது.

பிரயாணத்துக்கென்றே சேமிக்கும் இந்த முறையைப் பிரான்ஸ் ஒரு தேசிய ஏற்பாடாகவே செய்து காட்டியிருக்கிறது. 1936-இல் இரண்டு வாரமாக இருந்த சம்பள விடுமுறை, 1956-இல் மூன்றாகி, 1969-இல் நான்காகி, 1982-இல் ஐந்து வாரமானபோது, விடுமுறை கிடைத்தும் கையில் காசில்லாத தொழிலாளர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்களே என்பதை உணர்ந்த அரசாங்கம், அதே 1982-இல் 'விடுமுறைக் காசோலை' என்ற திட்டத்தை ஏற்படுத்தியது. தொழிலாளி மாதந்தோறும் ஒரு தொகை சேர்க்க, முதலாளியும் தம் பங்கைச் சேர்க்க, அந்தக் காசோலை ரயில், விடுதி, உணவகம் போன்ற விடுமுறைச் செலவுகளுக்கு மட்டுமே செல்லும். நேரத்தைத் தந்த சட்டம் பணத்தைச் சேர்க்கும் வழியையும் தர வேண்டியிருந்தது என்பதில் நமக்கு ஒரு படிப்பினை இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது, சர்க்கார் ஊழியர்கள் 'எல்.டி.சி.' என்று அழைக்கும் விடுமுறைப் பயணச் சலுகை. யூனியன் பிரதேசமாகையால் புதுச்சேரி அரசு ஊழியருக்கு மத்திய அரசின் விதிகளே பொருந்துகின்றன. நான்கு வருஷத்தை ஒரு தொகுதியாக வைத்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சொந்த ஊருக்கும், அவற்றுள் ஒன்றுக்குப் பதிலாக நான்கு வருஷத்தில் ஒருமுறை இந்தியாவில் எந்த இடத்துக்கும் குடும்பத்தோடு போய்வரும் கட்டணத்தை அரசாங்கம் ஏற்கிறது. கட்டணத்தில் 90 சதவீதம் வரை முன்பணமாகவும் பெறலாம். 2022 முதல் 2025 வரையிலான தொகுதிக்கு அடுத்தது 2026 முதல் 2029 வரை. இந்தச் சலுகை கைக்கு வந்ததும், 'சர்க்கார் செலவில் டூர்' என்று எண்ணி அந்தமானுக்கோ அஸ்ஸாமுக்கோ புறப்படுகிற சில குடும்பங்கள், திரும்பி வந்தபின் கணக்குப் பார்த்துத் திகைக்கின்றன. ஏனெனில் இந்த விதி ஏற்பது பிரயாணக் கட்டணத்தை மட்டுமே. தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர் வண்டி, நுழைவுச் சீட்டு, உறவினருக்கு வாங்கும் சாமான்கள் எல்லாம் சொந்தப் பையிலிருந்துதான். தூரம் அதிகமாக அதிகமாக இலவசமாகத் தோன்றும் பகுதி பெருகுகிறதே தவிர, சொந்தச் செலவு குறைவதில்லை. இதற்கு விதியிலேயே ஒரு பரிகாரம் இருக்கிறது: ஒவ்வொரு பயணத்தின்போதும் பத்து நாள் ஈட்டிய விடுப்பைச் சம்பளமாக மாற்றிக்கொள்ளலாம், பணிக்காலம் முழுவதிலும் அறுபது நாள் வரை. அந்தப் பத்து நாள் சம்பளம் எவ்வளவோ அவ்வளவே தங்குவதற்கும் உண்பதற்கும் என்று வரையறுத்துக்கொண்டு, அதற்கேற்ற நாட்களைத் தேர்ந்தெடுக்கும் ஊழியர், சேமிப்பில் கைவைக்காமலே தேசத்தின் மறுகோடியைப் பார்த்துத் திரும்பலாம்.

தொகை நிச்சயமானபின், அதே பணத்தால் அதிகம் பெறும் உபாயத்தைப் புதுச்சேரிக்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தம் ஊருக்கு வருகிறவர்களைப் பார்த்தே அதை அறிந்தவர்கள் அவர்கள். சனி ஞாயிறுகளிலும் டிசம்பர் கடைசி வாரத்திலும் கடற்கரையை அடுத்த வீதிகளில் அறை வாடகை எப்படி ஏறுகிறது, செவ்வாய் புதன்களில் அதே அறை எப்படி இறங்குகிறது என்பது இங்கு யாவரும் கண்ட விஷயம். மற்ற ஊர்களிலும் இதுவே நடக்கிறது. மே மாதத்தில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டம் பெருகி, 2024 முதல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி அங்கு செல்லும் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டியதாயிற்று. அங்கே வாடகையும் அந்த மாதத்தில்தான் உச்சம். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் அறுபது நாளுக்கு முன் தொடங்குகிறது. அந்த முதல் நாளிலேயே பதிவு செய்கிறவருக்கும், கடைசி நாளில் தட்காலிலோ தனியார் பஸ்ஸிலோ செல்கிறவருக்கும் நான்கு பேர் கட்டணத்தில் விழும் வித்தியாசம் ஒரு நாள் தங்கும் செலவுக்குச் சமமாகலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட முதியோர் ரயில் சலுகை திரும்பவில்லை என்பதையும் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

பெற்றோர் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. எதையும் ஒத்திப்போடு, பணம் பெருகட்டும் என்று போதிக்கும் பொருளாதார நூல்கள் காலத்தை ஒரே அளவாகக் கருதுகின்றன; மனித தேகமோ அவ்வாறில்லை. எழுபதைத் தாண்டிய தாயாருக்கு ராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தம் ஆட வேண்டுமென்று ஆசையிருந்தால், முழங்கால் ஒத்துழைக்கும் வரையில்தான் அது சாத்தியம். பத்து வயதுப் பிள்ளைக்கு மலை ரயிலில் உண்டாகும் பரவசம் இருபது வயதில் உண்டாவதில்லை. இத்தகைய பிரயாணங்களுக்காக ஒரு வருஷம் நகைச் சீட்டைக் கட்டாமல் விட்டாலும் நஷ்டமில்லை என்றே நான் துணிந்து சொல்வேன். அவசரகால ஆதாரத்தைத் தொடுவது மட்டும் கூடாது.

பணமே இல்லாத வருஷங்களுக்கும் இந்த ஊர் வழி வைத்திருக்கிறது. மாலை ஆறு மணிக்குமேல் வாகனங்கள் விலக்கப்படும் கடற்கரைச் சாலை, பாரதி பூங்கா, மாசி மகத்தன்று மயிலத்து முருகன் முதலாக வெளியூர்த் தெய்வங்களெல்லாம் வந்து கூடும் வைத்திக்குப்பம், பிரெஞ்சுக் கவர்னர்கள் வடம் பிடித்த மரபை இன்று துணைநிலை ஆளுநர்கள் தொடரும் வீராம்பட்டினம் தேர்த் திருவிழா ஆகிய இவற்றைக் காண ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வருகிறவர்கள் இருக்கையில், பக்கத்துத் தெருவில் இருப்பவர் ஒரு முழு நாளை ஒதுக்கி, கட்டுச்சோற்றோடு குடும்பமாகச் சென்று பார்ப்பது அரிதாயிருக்கிறது.

சம்பளத்தோடு விடுப்பே இல்லாதவர்களுக்கு மேற்சொன்ன கணக்கு போதாது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 240 நாள் உழைத்தவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பள விடுப்பு வகுத்தது. ஆனால் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும், மகாத்மா காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் துணி விற்கிறவருக்கும் அது எட்டவில்லை. அவர்களுக்கு நான்கு நாள் பிரயாணம் என்றால், செலவோடு நான்கு நாள் வருமானமும் போகிறது. நாள் ஒன்றுக்கு 800 ரூபாய் சம்பாதிக்கிறவர் 5,000 ரூபாயில் ஒரு யாத்திரை போகத் திட்டமிட்டால், அவர் சேர்க்க வேண்டியது 8,200 ரூபாய். இந்த 3,200-ஐ மறந்துவிடுவதால்தான், திரும்பிய வாரத்தில் கந்துவட்டிக்காரரிடம் போக நேர்கிறது. சந்தை வியாபாரி ஞாயிறு மாலை கடை கட்டியபின் புறப்பட்டு, வியாபாரம் மந்தமான வார நாட்களில் சுற்றி, சனிக்கிழமைக்குள் திரும்பினால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கோ அந்த உபாயமும் இல்லை. அவர் ஊருக்குப் போய்வரும் நாட்களுக்கும் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுப்பது, தம்முடைய விடுப்பைச் சம்பளத்தோடு அனுபவிக்கும் வீட்டுக்காரர்களின் கையில் இருக்கிறது. தம் குடும்பத்தின் வருஷப் பிரயாணத் தொகையைக் கணக்கிடும்போதே அந்தப் பெண்ணின் சில நாள் கூலியையும் அதே ஏட்டில் அவர்கள் எழுதிக்கொள்ளலாம்.