அலிப்பூரில் பிறந்த கன்று

கொல்கத்தாவின் அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் 1889-ஆம் ஆண்டு ஒரு சுமாத்திராக் காண்டாமிருகக் கன்று பிறந்தது. மனிதனுடைய காவலில் இணைந்து வாழ்ந்த பெற்றோருக்கு அந்த இனத்தில் பிறந்த முதற் கன்று அது. அதற்கு அடுத்த கன்றோ, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து மிருகக்காட்சிசாலையில் 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதிதான் பிறந்தது. இடையே கழிந்தவை 112 ஆண்டுகள். சிங்கத்தையும் புலியையும் ஒட்டகச்சிவிங்கியையும் கூட்டுக்குள்ளேயே குட்டி போட்டுப் பெருகும்படி செய்யக் கற்றுக்கொண்ட மனிதன், இந்த ஒரு பிராணியின் முன்பு மட்டும் நூறாண்டுக்கு மேலாகக் கைகட்டி நின்றதன் காரணம் அதன் தேகத்துக்குள்ளேயே மறைந்திருந்தது.

காண்டாமிருகங்கள் ஐந்து இனங்கள். அவற்றுள் மிகச் சிறியது இது. தோள்வரை அளந்தால் நாலடி, நாலரை அடி உயரத்துக்கு மேற்படாது. நிறை பெரும்பாலும் 600 கிலோவிலிருந்து 950 கிலோவுக்குள் இருக்கும். ஆசியாவில் வாழும் மூன்று இனங்களில் இரட்டைக் கொம்பு உடையது இது ஒன்றே. மூக்கின்மேல் உள்ள கொம்பு ஓரளவு தெரியும்படி வளரும். அதன் பின்னால் உள்ளதோ பெரும்பாலும் தேங்காய்மூடி ஒன்றைக் கவிழ்த்தாற்போன்ற ஒரு புடைப்போடு நின்றுவிடும். எல்லாவற்றையும்விட விசித்திரமானது அதன் ரோமம். கன்றாய் இருக்கும்போது உடல் முழுவதும் செம்பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும். வயது ஏற ஏறச் சேற்றிலும் புதரிலும் உராய்ந்து அது குறைந்தாலும், காதின் ஓரங்களில் குஞ்சம் கட்டினாற்போல் கடைசிவரை நிற்கும். பனியுகத்தில் ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் திரிந்து அழிந்துபோன கம்பளிக் காண்டாமிருகத்துக்கு, இன்று உயிரோடிருக்கும் இனங்களில் மிக நெருங்கிய உறவு இதுதான் என்று மரபணு ஆராய்ச்சி கூறுகிறது. அடர்ந்த மழைக்காட்டில் தன்னந்தனியாக வாழ்ந்து, பகலெல்லாம் சேற்றுக் குழியில் புரண்டு, பொழுது சாய்ந்தபின் இளந்தழைகளையும் உதிர்ந்த பழங்களையும் தேடித் தின்னும் இப்பிராணி, சீழ்க்கை அடிப்பதுபோலவும் முனகுவதுபோலவும் பலவகை ஓசைகளை எழுப்பும்.

பெயரைக் கேட்டு இது அந்நிய நாட்டுப் பிராணி என்று எண்ணுவது தவறு. அஸ்ஸாம், மணிப்பூர், மிஸோரம் முதலிய பிரதேசங்களிலும் அவற்றை அடுத்த சிட்டகாங் மலைகளிலும் ஒரு காலத்தில் இது வாழ்ந்தது. 1868-ஆம் ஆண்டு சிட்டகாங் அருகே புதைமணலில் சிக்கித் தவித்த பெண் காண்டாமிருகம் ஒன்றை ஊரார் கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றினார்கள். 'பேகம்' என்று பெயர் பெற்ற அது 1872-இல் கப்பலேறி லண்டன் மிருகக்காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே 1900 வரை உயிர் வாழ்ந்தது. ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான் கொல்கத்தாவிலும் ஒரு மிருகக்காட்சிசாலை உருவாயிற்று.

சென்ற மார்கழியில் நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து கடலோரப் பெருஞ்சாலை வழியே விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேசுவரம், கரக்பூர் என்று ஊர் ஊராகத் தங்கி, சுமார் 1,700 கிலோமீட்டர் தூரத்தைக் காரிலேயே கடந்து கொல்கத்தா சேர்ந்தபோது, ஒரு பகல் முழுவதையும் அலிப்பூருக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தோம். குளிர்காலத்து விடுமுறை நாளில் 'சிடியாகானா' என்னும் மிருகக்காட்சிசாலைக்குப் போவது வங்காளிக் குடும்பங்களுக்குப் பண்டிகைக்குச் சமானம். பாட்டிமார் கம்பளிச் சால்வையும் குழந்தைகள் குரங்குக் குல்லாயுமாகப் புல்தரையில் விரிப்புப் போட்டு அமர்ந்து, ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தைத் தாண்டி ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகத்தின் வேலியருகே நெடுநேரம் நின்றோம். மேல் உதடு ஒரு சிறு விரலைப்போல் நீண்டு மடங்கிப் புல்லை வளைத்துப் பிடித்து வாய்க்குள் தள்ளியது. இரண்டு காதுகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தத்தம் திசையில் திரும்பித் திரும்பிக் கூட்டத்தின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தன. பெரிய உடலுக்குப் பொருந்தாத அந்தச் சிறு கண்கள் மட்டும் எங்கும் பார்க்கவில்லை.

"நீங்கள் சொன்ன ரோமக் காண்டாமிருகமும் நம் காட்டில் இருந்ததுதானே? இது பிழைத்திருக்கும்போது அது மட்டும் எங்கே போயிற்று?" என்று என் மனைவி கேட்டாள்.

நியாயமான கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒற்றைக் கொம்பனும் அழிவின் விளிம்பில்தான் நின்றது. ஆனால் அது வெளியிடத்துப் பிராணி. காஸிரங்காவின் புல்வெளியைக் காத்து, வேட்டையைத் தடுத்தவுடன் அது தானே பெருகியது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் காஸிரங்காவில் மட்டும் 2,613 இருந்தன. ரோமக் காண்டாமிருகமாகிய சுமாத்திராக் காண்டாமிருகத்தின் சங்கதி வேறு. காடு துண்டு துண்டாகி, ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று காணாமலே வாழ்ந்து முடிந்துபோக நேர்ந்தால், வேட்டையே இல்லாவிட்டாலும் அந்த வம்சம் அற்றுப்போகும். அதற்கு மேலும் ஒரு கொடுமை உண்டு: நெடுங்காலம் கருத்தரியாமல் இருக்கும் பெண்ணின் கருப்பையில் கட்டிகளும் நீர்க்கோப்புகளும் தோன்றி, பின்னால் துணை கிடைத்தாலும் பிள்ளைப்பேற்றுக்கு வழியில்லாமல் செய்துவிடுகின்றன. இந்தியாவிலிருந்து அது முற்றிலும் மறைந்துவிட்டது.

அலிப்பூர் மிருகக்காட்சிசாலை 1876-இல் திறக்கப்பட்டது. தந்தித் துறையில் பணியாற்றிய கார்ல் லூயிஸ் ஷ்வெண்ட்லர் என்ற ஜெர்மானியர் தாம் வளர்த்த பிராணிகளைக் கொடுத்து அதற்கு அடிகோலினார். கவர்னர் ஜெனரல்கள் பாரக்பூரில் வைத்திருந்த விலங்குகளும் பிறகு இங்கே வந்து சேர்ந்தன. ஆயினும் இந்த நிலையத்துக்கு உயிர் கொடுத்தவர் ராம் பிரம்ம சன்யால் என்றே நான் கருதுகிறேன். மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்து, கண்பார்வைக் கோளாறினால் படிப்பை விட நேர்ந்த அவர், இங்கே சாதாரண வேலையில் சேர்ந்து, இதன் முதல் இந்தியக் கண்காணிப்பாளராக உயர்ந்தார். எந்தப் பிராணி எதைத் தின்கிறது, எந்தக் காலத்தில் நோய்ப்படுகிறது, எப்போது இணைசேர்கிறது, எவ்வளவு காலம் சினையாக இருக்கிறது என்று நாள்தோறும் சிரத்தையோடு குறித்துவந்து, அக்குறிப்புகளையெல்லாம் தொகுத்து 1892-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் ஒரு பெரிய கைந்நூலாக வெளியிட்டார். இருநூற்றுக்கு மேற்பட்ட பாலூட்டிகளையும் நானூறு வகைப் பறவைகளையும் பற்றிய அந்நூலை, மிருகங்களைக் கூட்டில் வைத்துப் பராமரிக்கும் சாஸ்திரத்துக்கே அஸ்திவாரம் இட்டவற்றுள் ஒன்று என்று சொல்வது மிகையாகாது. காண்டாமிருகக் கன்று பிறந்தது அவருடைய காலத்தில்தான்.

அந்தப் பிரசவத்துக்குப் பின் இவ்விஷயத்தில் உலகம் ஏறத்தாழ உறங்கிவிட்டது. 1984 முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் சுமாத்திராவிலும் மலேசியாவிலும் எஞ்சியிருந்த காடுகளிலிருந்து 40 காண்டாமிருகங்களைப் பிடித்து, வம்சவிருத்திக்காகப் பல நாட்டு மிருகக்காட்சிசாலைகளுக்கு அனுப்பினார்கள். பல மாண்டுபோயின; கன்று ஒன்றுகூடப் பிறக்கவில்லை. அமெரிக்காவுக்குப் போன ஏழில், சில ஆண்டுகளுக்குள் எஞ்சியவை மூன்றே. முதற் பிழை தீனியில் இருந்தது. குதிரைக்கும் மாட்டுக்கும் கொடுக்கும் உலர்ந்த புல்லை இதற்கும் கொடுத்தார்கள். இது புல் தின்னும் ஜாதி அன்று, தழை தின்னும் ஜாதி. ஆல், அத்தி இனத்துத் தழைகளைத் தொலைவிலுள்ள கலிபோர்னியாவிலிருந்து விமானத்தில் தருவித்துப் போட்ட பிறகே, சின்சினாட்டியில் சாகக் கிடந்த ஆண் காண்டாமிருகம் இபு எழுந்து நின்றது.

இரண்டாவது பிழையைக் கண்டறிந்தவர் சின்சினாட்டியில் ஆராய்ச்சி செய்த டெர்ரி ராத் என்ற பெண்மணி. பசு முதலிய பிராணிகளுக்குக் காளை அருகில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட நாள் கணக்கில் சினைமுட்டை முதிர்ந்து வெளிப்படும். அதை அனுசரித்து இரத்தத்தில் சுரப்புநீர்கள் ஏறி இறங்கும். அதைச் சோதித்தால் இணைசேர்க்க வேண்டிய நாளைக் கணித்துவிடலாம். எமி என்ற பெண் காண்டாமிருகத்திடம் இந்தச் சோதனை பலிக்கவில்லை. ஆகவே அது தன் கொட்டிலில் நின்று தழை தின்றுகொண்டிருக்கும் வேளையில் அல்ட்ராசவுண்டுக் கருவியைக் கொண்டு அதன் சினைப்பையை நாள்தோறும் பார்த்துவந்தார்கள். முட்டை அடங்கிய குமிழ் வளர்ந்து பெரிதாயிற்று. ஆனால் உடையாமல் அப்படியே வற்றிப்போயிற்று. பூனைக்கும் முயலுக்கும் ஒட்டகத்துக்கும் உள்ளதுபோல், ஆணுடன் கூடினால்தான் முட்டை வெளிப்படும் சுபாவம் இதற்கும் உண்டு என்பது அப்போது விளங்கிற்று. அதிலும், பெண் ஆணை ஏற்றுக்கொள்வது மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு நாளோ ஒன்றரை நாளோதான். மற்ற நாட்களில் இரண்டையும் ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று முட்டிக் காயப்படுத்திக்கொள்ளும். குமிழ் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அகலம் வந்த நாளில் மட்டும் நடுக்கதவைத் திறந்துவிட்டார்கள். 1997-இல் எமி கருவுற்றது.

அந்தக் கருவும் தங்கவில்லை; அதற்குப் பின் வந்த நான்கும் தங்கவில்லை. ஆறாவது முறை, கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் சுரப்பை மருந்தாக நாள்தோறும் புகட்டிவந்தார்கள். 475 நாள் சுமந்து எமி ஈன்றது ஓர் ஆண் கன்று. அதற்கு 'அந்தலாஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

இவ்வளவு கருவியும் மருந்தும் வேண்டியிருந்த காரியம், மின்விளக்குகூடப் பரவாத கொல்கத்தாவில் எப்படிக் கைகூடியது? இயற்கையான தழையும், வியர்த்துக் கொட்டும் வங்காளத்துச் சீதோஷ்ணமும் ஒரு பாதி. பிராணியின் குணத்தை நாள்தோறும் அருகிருந்து பார்த்த கண்கள் மறுபாதி என்று எனக்குத் தோன்றுகிறது. அதே அலிப்பூரில் 1970-களில் புலிக்கும் சிங்கத்துக்கும் கலப்பினம் உண்டாக்கி, அந்தக் கலப்பினப் பெண்ணை மீண்டும் சிங்கத்தோடு சேர்த்துக் குட்டிகளைப் பெறச் செய்து, அவற்றைக் காண ஜனங்களை வரிசையில் நிற்கவைத்ததை எண்ணும்போது என் மனம் வருந்துகிறது. காட்டில் இடமே இல்லாத ஒரு ஜந்துவை உண்டாக்கச் செலவிட்ட அந்தத் திறமையும் காலமும், காட்டிலிருந்து மறைந்துகொண்டிருந்த பிராணிகளுக்குப் பயன்பட்டிருக்கலாம்.

அந்தலாஸ் 2007-இல் சுமாத்திராவின் வே கம்பாஸ் காட்டிலுள்ள காப்பகத்துக்கு அனுப்பப்பட்டு, ராத்து என்ற பெண்ணோடு சேர்ந்து, 2012 ஜூன் மாதம் அந்தாத்து என்ற ஆண் கன்றுக்குத் தந்தையாயிற்று. 2016-இல் தெலிலா என்ற பெண் கன்று பிறந்தது. 2022-இல் ஒன்றும் 2023-இல் இரண்டுமாக மேலும் மூன்று கன்றுகள் அங்கே பிறந்தன. அவற்றுள் ஒன்றின் தாய் தெலிலாவே. மலேசியாவில் எஞ்சியிருந்த கடைசிப் பெண் 2019 நவம்பரில் இறந்துவிட்டதால், இன்று இவ்வினம் இந்தோனேசியாவில் மட்டுமே உள்ளது. எல்லாம் சேர்ந்தும் ஐம்பதுக்கும் குறைவே என்பது நிபுணர்களின் மதிப்பு. காட்டில் துணையின்றித் திரியும் பெண்களை, கருப்பையில் கட்டி தோன்றுமுன் கண்டுபிடித்துக் காப்பகத்துக்குக் கொண்டுவருவதே அங்குள்ளோர் இப்போது மேற்கொண்டிருக்கும் வேலை. அதற்காகக் காட்டுப் பாதைகளில் தானியங்கிக் காமிராக்களை வைத்து, சேற்றுக் குழிகளின் ஓரத்தில் மூன்று விரல் குளம்புத் தடங்களைத் தேடி வருகிறார்கள்.