கல்லும் கணிப்பொறியும்

குடுமியான்மலைக் குடைவரைக் கோயிலின் அருகே, பாறைமீது இசைக் கல்வெட்டு ஒன்று விளங்குகின்றது. உருத்திராசாரியரின் மாணவனாகிய மன்னன் ஒருவன் மாணாக்கர் நன்மையின்பொருட்டு அதனை இயற்றினான் என்று அக்கல்வெட்டே கூறுகின்றது. கற்ற கலையை அவன் ஒளித்து வைத்தானல்லன்.

அவ்வறமே இன்று மருத்துவ ஆராய்ச்சியிலும் தழைக்கின்றது. 1998ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரப் பகுதியில் தோன்றிய 'திரீ டி ஸ்லைசர்' என்னும் மென்பொருளே இதற்குச் சான்று. சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகள் உடலின் உட்பகுதியை அடுக்கடுக்காகப் படம் எடுக்கின்றன. இம்மென்பொருள் அவற்றை இணைத்து முப்பரிமாண உருவம் ஆக்குகின்றது. மூளைக்கட்டி எங்குள்ளது, ஊசி எவ்வழியே சென்றால் குருதிக்குழாய்க்கு ஊறு நேராது என்பவற்றை ஆராய்வோர் முன்னரே காணலாம்.

இதன் மூல நிரல் எவர்க்கும் திறந்தது. சிறு பிழையும் உயிரைப் பறிக்கக்கூடிய இத்துறையில், பலர் ஆராய்வதால் பிழைகள் வெளிப்படுகின்றன. ஒருவர் செய்த திருத்தம் உலகோர் அனைவர்க்கும் உதவுகின்றது. அறிவு, பகிரப் பகிரப் பெருகும் செல்வமன்றோ!