25ஐ-என்போம்

25ஐ-என்போம் என்பது பினெத்திலமீன் குடும்பத்தைச் சேர்ந்த, வலிமை மிக்க செயற்கை உளமயக்கிச் சேர்மம் ஆகும். மூளையில் உள்ள செரோட்டோனின் ஏற்பி ஒன்றை ஆராய்வதற்கான சேர்மமாக 2003-ஆம் ஆண்டில் செருமனியில் இது முதன்முதலில் விவரிக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டு வாக்கில் இணையவழிச் சந்தையில் போதைப்பொருளாக விற்பனைக்கு வந்தது. பெரும்பாலும் எல்எஸ்டி என்ற பெயரில் விற்கப்பட்டதால், தாம் எதை உட்கொள்கிறோம் என்று அறியாமலேயே சிலர் இதனால் உயிரிழந்தனர்.

பெயரும் அமைப்பும்

பெயரிலேயே மூலக்கூறின் வரைபடம் அடங்கியுள்ளது. பென்சீன் வளையத்தின் 2-ஆம், 5-ஆம் இடங்களில் மெத்தாக்சி தொகுதிகள் இருப்பதை 25 என்ற எண் குறிக்கிறது. நான்காம் இடத்தில் இருக்கும் அயோடின் அணுவை 'ஐ' குறிக்கிறது. எஞ்சிய பகுதி, நைதரசன் அணுவுடன் இணைந்துள்ள மெத்தாக்சிபென்சைல் தொகுதியின் சுருக்கம். 18 கரிம அணுக்கள், 22 ஐதரசன், 3 ஆக்சிசன், ஒரு நைதரசன், ஒரு அயோடின் என அமைந்த இதன் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 427.3.

கடைசியாகச் சொன்ன அந்த மெத்தாக்சிபென்சைல் தொகுதியை நீக்கிவிட்டால் கிடைப்பது 2சி-ஐ. அமெரிக்க வேதியியலாளர் அலெக்சாண்டர் சுல்கின் உருவாக்கிய 2சி வரிசையில் அதுவும் ஒன்று. பினெத்திலமீன் உளமயக்கிகளின் நைதரசனில் வேறு தொகுதியைச் சேர்த்தால் அவற்றின் செயல் குன்றிவிடும் என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து. எளிய அல்கைல் தொகுதிகளைப் பொறுத்தவரை அது சரியும்கூட. ஆனால் மெத்தாக்சிபென்சைல் தொகுதி சேர்ந்தபோது நேர்மாறாக நடந்தது. ஏற்பியுடன் பிணையும் திறன் பன்மடங்கு கூடியது. இதே குடும்பத்தைச் சேர்ந்ததும் பெயோட்டே கள்ளியில் இயற்கையாகக் காணப்படுவதுமான மெசுக்கலின் செயல்பட நூற்றுக்கணக்கான மில்லிகிராம் தேவை. 25ஐ-என்போமுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவே போதும். இந்தச் சேர்மத்தைப் பற்றிய எல்லாத் துயரங்களும் ஒரு வகையில் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்குகின்றன.

ஆய்வகப் பயன்பாடு

பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஐம் தமது முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதனை விவரித்தார். பின்னர் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் டேவிட் நிக்கோல்சின் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்தனர். 5-எச்டி2ஏ எனப்படும் செரோட்டோனின் ஏற்பியை இது இறுகப் பற்றிக்கொண்டு தூண்டுகிறது. எல்எஸ்டி, சிலோசைபின் போன்றவை மாயத்தோற்றங்களை உண்டாக்குவதும் முதன்மையாக இதே ஏற்பியின் வழியாகவே. ஆகவே அந்த ஏற்பி எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று அறிய விரும்பியவர்களுக்கு இது ஏற்ற கருவியாகத் தோன்றியது. கோபனேகன் ஆய்வாளர்கள் இதனுடன் கதிரியக்கக் கரிமத்தை இணைத்துப் பன்றிகளின் மூளையைப் படம்பிடித்தனர்.

இவை அனைத்தும் உயிரணுக்களிலும் விலங்குகளிலும் நடந்த ஆய்வுகள். மனிதருக்கு எந்த அளவு பாதுகாப்பானது, எந்த அளவு ஆபத்தானது என்று யாரும் சோதித்திருக்கவில்லை. அந்த நிலையில்தான் இது சந்தைக்கு வந்தது.

எல்எஸ்டியின் உருவில்

எல்எஸ்டி பொதுவாக மை ஒற்றும் தாளில் ஊறவைக்கப்பட்டு, சிறு சதுரங்களாக விற்கப்படுகிறது. தமிழ்ச் செய்திகளில் 'போதை ஸ்டாம்ப்' என்று குறிப்பிடப்படுவது இதுவே. அவ்வளவு சிறிய தாளில் மிகச் சில பொருள்களையே செயல்படும் அளவில் ஏற்ற முடியும். 25ஐ-என்போம் அவற்றில் ஒன்று. விழுங்கினால் குடலிலும் கல்லீரலிலும் பெரும்பகுதி சிதைந்துவிடுவதால், இது வாயின் உட்புறத் தோல் வழியாக உறிஞ்சப்படும்படி பயன்படுத்தப்பட்டது. எல்எஸ்டி தாளையும் பலர் நாக்கில் வைத்தே பயன்படுத்துவதால், தோற்றத்திலும் முறையிலும் வாங்கியவருக்கு வேறுபாடு தெரியவில்லை. கசப்பைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம் என்று பரவிய நம்பிக்கையும் உறுதியானதன்று. தாளில் இருக்கும் அளவும் சுவையூட்டிகளும் அதை மறைத்துவிடக்கூடும்.

வேறுபாடு உடலுக்குத் தெரிந்தது. எல்எஸ்டியின் நச்சு விளைவால் மட்டும் நேரும் இறப்புகள் மிக அரிது. 25ஐ-என்போமில் பாதிப்புக்கும் உயிரிழப்புக்கும் இடையிலான தொலைவு குறுகியது. சில நூறு மைக்ரோகிராம் என்பது கண்ணால் அளக்க முடியாத அளவு; வீட்டுத் தராசும் அதைக் காட்டாது. தாளில் மருந்து சமமாகப் பரவாவிட்டால், ஒரே தாளின் இரு சதுரங்களில் வெவ்வேறு அளவு இருக்கும். அமெரிக்காவில் 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் இச்சேர்மத்துடனும் இதன் நெருங்கிய உறவுச் சேர்மங்களுடனும் தொடர்புபடுத்தப்பட்ட இறப்புகள் பத்துக்கும் மேல். இறந்தவர்களுள் பதின்வயதினரும் இருந்தனர்.

நச்சுத்தன்மையும் சிகிச்சையும்

மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களிடம் கடுங்கிளர்ச்சி, வேகமான இதயத் துடிப்பு, உயர் குருதியழுத்தம், மிகையான உடல் வெப்பம், வலிப்பு ஆகியவை காணப்பட்டன. 5-எச்டி2ஏ ஏற்பிகள் மூளையில் மட்டுமல்லாமல் குருதிக்குழாய்களின் தசையிலும் உள்ளன. அவை தூண்டப்படும்போது குழாய்கள் சுருங்குகின்றன. கடுமையான நிலையில் தசைகள் சிதைந்து, அதன் விளைவாகச் சிறுநீரகம் செயலிழக்கிறது.

இதற்கென்று முறிமருந்து கிடையாது. பென்சோடையசெப்பீன் வகை மருந்துகளால் கிளர்ச்சியையும் வலிப்பையும் அடக்குவதும், உடலைக் குளிர்விப்பதும், நரம்பு வழியாக நீர்மம் செலுத்துவதுமே சிகிச்சை. மருத்துவருக்கு இன்னொரு இடர்ப்பாடும் உண்டு: வழக்கமான சிறுநீர்ப் போதைப்பொருள் சோதனைகள் இதைக் காட்டுவதில்லை. நீர்ம நிறச்சாரல் பிரிகையுடன் நிறைநிறமாலையியலும் உள்ள ஆய்வகம் வேண்டும். முடிவு வருவதற்குள் சிகிச்சையின் முக்கியமான மணிநேரங்கள் கடந்துவிடும். நோயாளியும் உடன் வந்தவர்களும் 'எல்எஸ்டி' என்றே சொல்வார்கள், அவர்கள் அறிந்தது அவ்வளவே.

மாணவர்கள் கவனிக்கத்தக்க வேதியியல் செய்தி ஒன்று இங்கு உள்ளது. எல்எஸ்டியில் இண்டோல் வளையம் இருக்கிறது. எர்லிச் வினைப்பொருள் அதனுடன் சேர்ந்து ஊதா நிறம் தரும். பினெத்திலமீன்களில் இண்டோல் இல்லை என்பதால் நிறம் மாறாது. தடயவியலில் முதற்கட்டப் பிரித்தறிதலுக்கு இது உதவுகிறது. எனினும் நிறம் தோன்றினால் இண்டோல் இருக்கிறது என்றுதான் பொருள். உடன் வேறொன்று கலந்திருக்கவில்லை என்று பொருளல்ல.

சட்டநிலை

ஐக்கிய இராச்சியம் 2013 சூனிலும் அமெரிக்கா அதே ஆண்டு நவம்பரிலும் தற்காலிகத் தடை விதித்தன. 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளில் இதைக் கட்டுப்படுத்த முடிவெடுத்தது. 2015-இல் ஐக்கிய நாடுகளின் 1971-ஆம் ஆண்டு உளவியக்கப் பொருள்கள் உடன்படிக்கையின் முதல் அட்டவணையில், இதன் புரோமின், குளோரின் வகைகளுடன் சேர்த்து இது இடம்பெற்றது.

அவற்றுள் புரோமின் வகை, கதிரியக்கக் கரிமம் இணைக்கப்பட்டுச் 'சிம்பி-36' என்ற பெயரில், மனித மூளையின் செரோட்டோனின் ஏற்பிகளைப் பொசிட்ரான் உமிழ்வு வரைவியில் படம்பிடிக்கப் பயன்படுத்தப்படுகிறது. அப்போது செலுத்தப்படும் அளவு, உளமயக்க விளைவு எதையும் உண்டாக்க முடியாத அளவுக்கு மிகச் சிறியது.