சோர்ந்த கரங்களுக்குச் சகாவின் சொல்

தேவகோட்டையிலிருந்தும் கல்லலிலிருந்தும் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு 108 ஆம்புலன்ஸ் வண்டிகள் வந்து நிற்கும் காரைக்குடி அரசு மருத்துவமனையாயினும், 2012ஆம் ஆண்டு முதல் வைத்திய சாஸ்திரம் பயிற்றுவித்து வரும் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியின் வார்டுகளாயினும், அங்கே இரவெல்லாம் கண்விழித்துப் பிறர் உயிரைக் காக்கும் டாக்டர்களும் சிஸ்டர்களும் தூய்மைப் பணியாளர்களும் எதனால் மனம் சோர்கிறார்கள், அந்தச் சோர்வு எதனால் தணியும் என்பதைப் பற்றி நாம் சிந்திப்பது மிகவும் அபூர்வம். நோயாளியின் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் வேளை தவறாமல் குறித்து வைக்கும் கேஸ் ஷீட்டில், அதைக் குறிப்பவருடைய மனநிலைக்கு இடம் கிடையாது.

இந்தப் பணிச்சோர்வை விஞ்ஞான ஆராய்ச்சிக்கு உரிய விஷயமாக்கியவர் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர் என்னும் மனோதத்துவ நிபுணர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிச் சிறு வயதிலேயே ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சேர்ந்த அவர், பகலில் தம் சொந்தத் தொழிலைப் பார்த்துவிட்டு, மாலைக்கு மேல் நியூயார்க் நகரின் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் ஊதியமின்றிச் சேவை புரிந்து வந்தார். மிகுந்த உற்சாகத்தோடு வந்து சேர்ந்த தொண்டர்கள் சில மாதங்களிலேயே அலுப்பும் எரிச்சலும் உடையவர்களாக மாறுவதைக் கண்ட அவர், தாமும் அந்த நிலைக்கு வந்துவிட்டதை உணர்ந்து, மனத்தில் தோன்றியதையெல்லாம் டேப் ரிக்கார்டரில் பேசிப் பதிவு செய்து, அந்தக் குரலையே ஒரு நோயாளியின் குரலைப்போல ஆராய்ந்தார். 1974இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் இச்சோர்வை அளப்பதற்கு ஒரு வினாத்தாளை வகுத்தார்கள். உள்ளம் வற்றிப்போதல், நோயாளியை மனிதராகக் கருதாமல் படுக்கை எண்ணாகக் கருதுமளவுக்கு மனம் மரத்துப்போதல், தம் உழைப்பால் பயனில்லை என்று எண்ணுதல் என அதற்கு மூன்று முகங்கள் உண்டு என்பது அவர்கள் கண்ட முடிவு. 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம், இது ஒரு வியாதி அன்று, வேலை செய்யுமிடத்தில் தீர்க்கப்படாமல் நீடித்த நெருக்கடியின் விளைவு என்று வரையறுத்தது. ஆகவே, சோர்ந்தவரைப் பலவீனர் என்று பழிப்பதில் சிறிதும் நியாயம் இல்லை.

இந்நெருக்கடி அதிக வேலையால் மட்டும் விளைவதன்று. சிகிச்சையில் பிழையோ எதிர்பாராத மரணமோ நேரும்போது, நோயாளியும் குடும்பத்தாரும் அடையும் துன்பத்தோடு, அச்சிகிச்சையைச் செய்தவரும் உள்ளுக்குள் நொறுங்கிப் போகிறார் என்பதை 2000ஆம் ஆண்டில் ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க வைத்தியர் எடுத்துக்காட்டி, அவரை 'இரண்டாம் பாதிக்கப்பட்டவர்' என்று குறித்தார். வூ பணிபுரிந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2011 முதல் ஓர் ஏற்பாடு நடைபெற்று வருகிறது: மனம் கலங்கிய ஊழியர் எந்நேரமும் அழைக்கலாம், பயிற்சி பெற்ற சக ஊழியர் ஒருவர் வந்து, விசாரணையும் உபதேசமும் இன்றி, ரகசியம் காத்து, சொல்வதைக் கேட்பார்.

சகாவின் அருகாமைக்கு என்ன சக்தி? 2006இல் ஜேம்ஸ் கோன் என்பவரும் அவருடைய சகாக்களும், லேசான மின்அதிர்ச்சி வரப்போகிறது என்று அஞ்சியிருந்த பெண்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கணவரின் கையைப் பற்றியிருந்தபோது அபாயத்தை உணர்த்தும் பகுதிகளின் பரபரப்பு தெளிவாகக் குறைந்தது. அந்நியரின் கையும் ஓரளவு பயன் தந்தது. மின்அதிர்ச்சியின் அபாயம் மாறவில்லை. அதைத் தனியே எதிர்கொள்ளவில்லை என்ற உணர்வே மூளையைச் சாந்தப்படுத்திற்று.

இதைவிட நம் விஷயத்துக்கு நெருக்கமானது, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 74 டாக்டர்களைக் கொண்டு நடத்தப்பெற்று 2014இல் வெளியான ஆராய்ச்சி. அவர்களில் ஒரு பாதியினர் இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை, ஒன்பது மாதங்கள், சிறு குழுவாக அமர்ந்து தம் தொழிலின் இன்பதுன்பங்களைப் பேசினார்கள். அந்த ஒரு மணி நேரத்தை நிர்வாகமே வேலை நேரத்திலிருந்து ஒதுக்கித் தந்தது. மூன்றாம் மாதத்திலேயே அக்குழுவினரிடையே மனம் மரத்துப்போனவர்களின் விகிதம் 15.5 சதவீதப் புள்ளிகள் இறங்கிற்று. ஓராண்டுக்குப் பின்னும் அந்நன்மை நிலைத்தது. ஆனால் மனச்சோர்வு நோயிலும் பொதுவான மனஅழுத்தத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. சகாக்களின் உறவு கருணையை மீட்டுத் தருகிறது, பணிப் பாரத்தை இறக்கி வைப்பதில்லை என்பதே இந்த ஆராய்ச்சி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

காரைக்குடியை உள்ளடக்கிய செட்டிநாட்டுக்கு இந்தத் தத்துவம் புதிதன்று. கடல் கடந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, சென்ற நகரத்தார், மூன்றாண்டுத் தவணை முடியும்வரை குடும்பத்தைப் பிரிந்து, கிட்டங்கி என்னும் ஒரே தொழிற்கூடத்தில் வெவ்வேறு நிறுவனங்களின் ஆட்களாகத் தத்தம் பெட்டிகளின் முன்னே அமர்ந்து தொழில் செய்தார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற படிநிலை இருப்பினும், ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கிய அந்த நெருக்கம், முதன்முறையாக ஊரைப் பிரிந்து வந்த பையனுக்குப் பற்றுக்கோடாக இருந்தது. மருத்துவமனையின் இரவுப் பணியும் ஒரு வகையில் அத்தகைய அயல்தேச வாசமே.

அந்த நெருக்கத்தை வார்த்தையில் தருவது ஊக்கச்சொல். அது முகஸ்துதி அன்று. "எல்லாரும் நன்றாக வேலை செய்கிறீர்கள்" என்ற பொதுவான பாராட்டு காற்றோடு போய்விடும். டூட்டி மாறும் வேளையில், "அந்தப் பச்சைக் குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் நாங்கள் தவித்தபோது, காலில் நரம்பு பார்த்து நீங்கள் வென்ஃப்ளான் போட்டதால்தான் மருந்து உடனே ஏறிற்று, அக்கா" என்று இளைய சிஸ்டர் ஒருத்தி மூத்தவரிடம் சொல்வாளானால், அந்த ஒரு வாக்கியம், தம் உழைப்பால் பயனில்லை என்னும் மூன்றாவது முகத்தை நேரே எதிர்த்து நிற்கிறது. ஏனெனில் செய்த காரியமும் அதன் பலனும் அதில் பிரத்தியட்சமாகத் தெரிகின்றன. ரத்தம் சிந்திய தரையைத் துடைத்துப் பிரசவ வார்டை அடுத்த தாய்க்கு ஆயத்தம் செய்யும் பணியாளரையும் இவ்வட்டத்தினின்று விலக்கலாகாது.

ஆயினும் ஆள் பற்றாக்குறையை மூடி மறைக்கும் திரையாக இந்த ஊக்கத்தை நிர்வாகம் பயன்படுத்துமானால், அது ஊழியருக்குச் செய்யும் வஞ்சனையே ஆகும். முதுநிலை மாணவ டாக்டர்களின் வேலை வாரத்துக்கு 74 மணிக்கு மேற்படலாகாது, வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் பரிந்துரைத்தது. 74 மணியே உச்சவரம்பு என்றால், நடைமுறையின் கடுமையை நாமே ஊகித்துக்கொள்ளலாம். காலியிடங்களை நிரப்புவதும் ஓய்வு அளிப்பதும் முதற்கடமை. அதனோடு சேர்த்து, இரு வாரங்களுக்கு ஒரு மணி நேரம் சகாக்கள் கூடிப் பேசுவதற்கென்று டூட்டி அட்டவணையிலேயே எழுதப்படவேண்டும். மின்வேதியியல் ஆய்வகத்துக்கென்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த வள்ளல் அழகப்பச் செட்டியாரின் காரைக்குடி, ஸ்தாபனங்களை எழுப்பும் கலையை நன்கறிந்த ஊர். அவற்றினுள்ளே உழைக்கும் மனிதரின் மனத்தைப் பேணும் கலையிலும் அது தமிழகத்துக்கு வழிகாட்ட வேண்டும் என்பது என் விருப்பம்.