பெட்டிக்கு விலை பேசலாமா?

தாராளமாகப் பேசலாம். சாவு வீட்டில் காசைப் பற்றி வாய் திறந்தால் இறந்தவருக்கு மரியாதைக் குறைவு என்று எண்ணி, கேட்ட தொகையைக் கொடுத்துவிடுகிறோம். பிறகு மாதக்கணக்கில் கடன் கட்டுகிறோம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கம் குடியிருக்கும் உங்களுக்கு, எங்கே செலவு அவசியம், எங்கே இல்லை என்பதைச் சொல்கிறேன்.

துக்க வீட்டில் யார் விலை பேசுவது?

மகனோ மனைவியோ வேண்டாம். அழுதுகொண்டிருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். நிதானமாக இருக்கும் ஒரு சித்தப்பாவோ மருமகனோ பொறுப்பெடுக்கட்டும். ஃப்ரீசர் பாக்ஸ், வண்டி, பூ அலங்காரம், சாமியானா, மேளம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விலை கேட்டு ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்ற பேச்சை மட்டும் ஏற்காதீர்கள்.

என்னென்ன கேட்க வேண்டும்?

ஃப்ரீசர் பாக்ஸ் என்றால், ஒரு நாள் வாடகை எத்தனை மணி நேரத்துக்கு, கொண்டுவந்து எடுத்துப்போகும் கூலி அதில் சேர்ந்ததா, கரண்ட் போனால் என்ன வழி என்று கேளுங்கள். அன்றே அடக்கம் முடியும் என்றால் அது தேவையா என்றும் யோசியுங்கள். வண்டி என்றால் காத்திருப்புக்குத் தனிப் பணமா என்று கேளுங்கள். அடக்கம், தகனம், உடலை எடுத்துச் செல்வது ஆகிய சேவைகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் வரி போட்டிருந்தால் காரணம் கேட்கலாம்.

பெட்டி எல்லோருக்கும் வேண்டுமா?

இல்லை. பாடையில் எடுத்துச் செல்லும் குடும்பங்களுக்கு மூங்கிலும் தென்னங்கீற்றும் போதும். இஸ்லாமியர் வீடுகளுக்குப் பள்ளிவாசலிலிருந்து சந்தூக் (உடலைச் சுமந்து செல்லும் பொதுப் பெட்டி) வரும். கஃபன் துணி சுற்றிய உடல் மண்ணுக்குள் போகும், சந்தூக் பள்ளிவாசலுக்குத் திரும்பும். இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் அதே பெட்டிதான். சொந்தமாகப் பெட்டி வாங்கும் செலவு பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத்தான்.

பெட்டியில் எதைப் பார்ப்பது?

அடிப்பலகையையும் கைப்பிடியையும் பாருங்கள். உடலின் கனத்தைத் தாங்குபவை அவைதான். சாட்டின் துணி, பளபளக்கும் சிலுவை, தேக்கு என்ற பெயர் எல்லாம் விலையைத்தான் ஏற்றும். மண்ணுக்குள் தேக்கும் ஒருநாள் மக்கத்தான் போகிறது. இறந்தவரின் உயரத்தையும் உடல்வாகையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குடும்பக் கல்லறையைத் திறந்து புதைப்பதானால், பெட்டி அதற்குள் இறங்குமா என்று கல்லறை அலுவலகத்தில் கேட்ட பிறகே பணம் கொடுங்கள். கடைக்குப் போகுமுன் பங்கு அலுவலகத்தையோ உங்கள் அன்பியத்தாரையோ (பங்கின் அக்கம்பக்கக் குழு) விசாரியுங்கள். நியாயமான விலைக்குத் தருபவர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

குறைந்த விலைப் பெட்டி வாங்கினால் ஊர் பேசாதா?

இந்தப் பயம்தான் பலரையும் கடனில் தள்ளுகிறது. 2018இல் வெளிவந்த 'ஈ.ம.யௌ.' என்ற மலையாளப் படத்தைப் பாருங்கள். கொச்சியை ஒட்டிய கடற்கரை ஊரில், கையில் காசில்லாத மகன் அப்பாவுக்கு ஊரே மெச்சும் அடக்கம் செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, ஆடம்பரப் பெட்டி வாங்க அலைகிறான். சிரிக்கச் சிரிக்கப் போகும் கதை, கடைசியில் அவனே வீட்டு முற்றத்தில் குழி தோண்டுவதில் வந்து நிற்கிறது. பெட்டியின் விலைக்கும் பாசத்துக்கும் தொடர்பில்லை என்பதை அந்தப் படம் நெஞ்சில் அறைந்து சொல்கிறது.

சாவுச் செலவைப் பற்றிச் சிரிக்கலாமா?

சிரிக்கலாம், அதனால் நன்மையும் உண்டு. பேரன் பேத்தி பார்த்துக் கண்மூடியவரைக் கல்யாணச் சாவு என்று ஆட்டம்பாட்டத்தோடு அனுப்பும் ஊர் நம்முடையது. அமெரிக்காவில் ஜெசிக்கா மிட்ஃபோர்டு என்ற எழுத்தாளர் 1963இல் சவப்பெட்டி வியாபாரத்தைக் கிண்டலடித்து ஒரு புத்தகம் எழுதினார். நாடே சிரித்தது, பிறகு கேள்வி கேட்கவும் தொடங்கியது. 1984இல் அங்கே ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஈமச்சடங்கு நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலைப்பட்டியல் தர வேண்டும். வெளியே வாங்கிய பெட்டியையும் மறுக்க முடியாது. நமக்கு அப்படி ஒரு விதி இல்லாததால், பட்டியலை நாமேதான் கேட்டு வாங்க வேண்டும்.

காசில்லாமல் எவையெல்லாம் கிடைக்கும்?

அரசு மருத்துவமனையில் இறந்தவரை எடுத்துச் செல்ல இலவச அமரர் ஊர்தி உண்டு. 155377 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வீட்டில் இறந்தால் முதலில் மருத்துவரிடம் மரணக் காரணச் சான்று வாங்குங்கள், மயானத்தில் கேட்பார்கள். பிறகு மாநகராட்சியில் 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. தள்ளிப்போட்டால் தாமதக் கட்டணமும் அலைச்சலும் சேரும்.

இறந்தவர் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உறுப்பினராக இருந்தால் ஈமச்சடங்குச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும். கட்டடத் தொழிலாளர் போன்ற நலவாரியங்களில் பதிந்தவர்களின் குடும்பத்துக்கும் உதவித்தொகை உண்டு. ஆகவே ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

இப்போதே செய்யக்கூடியது என்ன?

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள். புதைப்பதா எரிப்பதா, எந்த இடம், மேளம் வேண்டுமா, எவ்வளவுக்கு மேல் செலவு கூடாது. அபசகுனம் என்று நீங்கள்தான் தயங்குவீர்கள், அவர்களில் பலர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். அதை ஒரு தாளில் எழுதி, ஆதார் அட்டையோடு வைத்து, இருக்கும் இடத்தை இருவருக்காவது சொல்லிவையுங்கள். நாளை யாராவது 'இவ்வளவுதானா செய்தீர்கள்?' என்று கேட்டால், அவர் இப்படித்தான் கேட்டார் என்று தலைநிமிர்ந்து சொல்லலாம்.