மலை உச்சியில் தீ... ஓடு, எந்தப் பக்கம்?

இங்கிலாந்து வரைபடத்தில் டிட்ச்லிங் பீக்கன், ஐவிங்ஹோ பீக்கன், டங்கரி பீக்கன் என்று பல குன்றுகளுக்கு ஒரே வால் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். பீக்கன் என்றால் எச்சரிக்கைத் தீ. கடலில் எதிரிக் கப்பல் தெரிந்தால் கரையோரக் குன்றில் தீ மூட்டுவார்கள். அதைப் பார்த்து அடுத்த குன்றில், அதைப் பார்த்து அதற்கும் அடுத்ததில்... குதிரையை முந்திக்கொண்டு செய்தி உள்நாட்டுக்குப் போய்விடும்.

ஆரம்பத்தில் வெறும் விறகுக் குவியல்தான். 14-ம் நூற்றாண்டில் கென்ட் பகுதியில் உயரமான கம்பமும் அதன் உச்சியில் தார்ச் சட்டியும் வந்தன. காவலுக்கு ஆள் போடுவதும் செலவும் உள்ளூர்க்காரர்கள் தலையில்.

ஆனால், தீக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும்: ‘ஆபத்து’. எங்கே, எத்தனை கப்பல் என்றெல்லாம் அது சொல்லாது. யாரோ புதரை எரித்தாலும் தூரத்துக் காவலாளிக்கு அது பீக்கன்தான்! அறுவடையைப் பாதியில் போட்டுவிட்டு ஆயுதத்தோடு ஓடுகிறவனுக்கு, எந்தத் திசையில் ஓடுவது என்பது உயிர்ப் பிரச்னை.

இதற்கு வழி கண்டவர் வில்லியம் லாம்பார்ட். ஒரு மாவட்டத்தின் வரலாற்றை முதன்முதலில் தனி நூலாக எழுதி 1576-ல் வெளியிட்ட வழக்கறிஞர். கென்ட்டின் பீக்கன்கள் எல்லாவற்றையும் குறித்து, எதிலிருந்து எது தெரியும் என்று கோடுகளால் இணைத்து 1585-ல் ஒரு வரைபடம் தயாரித்தார். தீ தெரிந்ததும் அந்தக் கோட்டைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால், ஆபத்து எந்தக் கரையில் என்று புரிந்துவிடும். எளிமையான யோசனை, ஆனால், யாராவது உட்கார்ந்து வரைய வேண்டியிருந்ததே!

1596-ல் அதைத் தன் நூலின் மறுபதிப்பிலேயே அச்சிட்டார். ‘ராணுவ ரகசியத்தை ஊருக்கெல்லாம் காட்டலாமா?’ என்ற கேள்வி எழும் என்று அவருக்கே தெரியும். எதிரிக்குப் பயன்படும் ரகசியம் எதுவும் இதில் இல்லை, நம் ஆட்களுக்கோ நேரம் மிச்சம் என்று பதிலையும் சேர்த்தே எழுதிவிட்டார்.

இடையில் 1588 ஜூலையில் ஸ்பெயினின் பெரும் கப்பற்படை வந்தேவிட்டது. தென்கரை நெடுகக் குன்றுகள் எரிந்தன. விவரம் சொல்ல மட்டும், தாமஸ் ஃப்ளெமிங் என்ற கேப்டன் பிளிமத்துக்குக் கப்பலை விரட்டி வர வேண்டியிருந்தது.

டெவன் மாவட்டத்தில், கல்ம்ஸ்டாக் குன்றின் மேல் தேன்கூடு வடிவத்தில் ஒரு சின்னக் கல்குடிசை இன்றும் நிற்கிறது. காவலாளிகள் காற்றுக்கும் மழைக்கும் ஒதுங்கிய இடம். 2022 ஜூனில் எலிசபெத் ராணியின் 70-வது ஆட்சி ஆண்டுக்காக பிரிட்டன் முழுக்க மீண்டும் பீக்கன்கள் எரிந்தன, பல இடங்களில் கேஸ் அடுப்பில்!